பல வருஷம் கவனிக்காத வாயைச் சரிசெய்வது: எது முதலில், எது அப்புறம், எதைத் தொடவே வேண்டாம்

எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு செட் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பவானி பக்கத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் தறிக்காரர்கள், மஞ்சள் மண்டியில் வேலை பார்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள். "ஏனுங்க டாக்டரம்மா, ஒவ்வொண்ணா பாத்துட்டிருந்தா ஆகாதுங்க. எல்லாத்தையும் ஒரே அடியா எடுத்துப்போட்டு செட்டு கட்டிருங்க" என்று கேட்கும் ஆளுக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. வாயைத் திறந்து பார்த்தால், எடுத்தே ஆகவேண்டிய பல் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான்.

கெட்டுப்போன வாயைக் காப்பாற்றுவதில் பணத்தைவிட வரிசை முக்கியம். நோயை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு குழிகளை அடைக்க வேண்டும். அப்புறம் கொஞ்ச நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். கேப் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பல்), இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்) பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். இதைத் தலைகீழாகச் செய்து, ரத்தம் வடியும் ஈறுக்கு மேல் பளபளவென்று கேப் மாட்டுவது ஈரச் சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கிற வேலை.

பேச வசதியாக ஒரு வாயை வைத்துக்கொள்வோம். தனியொருவருடையது அல்ல, எங்கள் பக்கம் நடுவயது ஆண்களிடம் அடிக்கடி பார்ப்பதை எல்லாம் சேர்த்துக் கட்டியது. ஞானப்பற்கள் நான்கும் முன்பே போய்விட்டன, மீதி 28 இருக்க வேண்டும். கீழே வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல்லை எப்போதோ பிடுங்கியாயிற்று. மேலே வலது பக்கம் ஒன்று உடைந்து வேர் மட்டும் ஈறோடு ஈறாக நிற்கிறது. கீழே இடது பக்கம் ஒன்றில் ஆழமான குழி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. கீழே வலது கடைசிப் பல் ஒரு காலத்தில் உயிரை வாங்கியது. இப்போது வலியில்லை, பக்கத்து ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போகிறது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் கறுத்த சொத்தை. சில பற்களின் கழுத்து தேய்ந்து கூசுகிறது. கீழ் முன்பற்களின் உட்பக்கம் முழுக்கக் காரை, அதாவது கல்லாக இறுகிப் படிந்த அழுக்கு. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுவது அவ்வப்போது.

பல்லின் எண்

டாக்டர் சீட்டில் 16, 36 என்று எழுதுவதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதல் எண் வாயின் எந்தக் கால் பகுதி என்பதைச் சொல்கிறது: உங்கள் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது எண், நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. நடு முன்பல் 1, கோரைப்பல் 3, முதல் பெரிய கடைவாய்ப் பல் 6, ஞானப்பல் 8. ஆகவே 36 என்றால் கீழ் இடது முதல் கடைவாய்ப் பல். நம் உதாரண வாயில் 46 இல்லை, 16 வெறும் வேர், 36 ஆழக் குழி, 47 கொப்புளப் பல், 11க்கும் 21க்கும் நடுவில் சொத்தை.

முதல் நாளே டாக்டரிடம் ஒரு பட்டியல் கேளுங்கள்: நிச்சயம் காப்பாற்றலாம், சந்தேகம், எடுத்தே ஆகவேண்டும் என்று மூன்றாகப் பிரித்து, எண் போட்டு. எழுதிக் கொடுப்பதில் எந்த டாக்டருக்கும் சிரமமில்லை. 'சந்தேகம்' என்ற பகுதியில் எத்தனை பல் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே அவர் காப்பாற்ற நினைக்கிறவரா, கழித்துக்கட்ட நினைக்கிறவரா என்று தெரிந்துவிடும்.

இந்தப் பட்டியல் வெறும் கண்ணால் பார்த்துப் போடுவதல்ல. முழு வாயும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று, சந்தேகப் பற்களுக்குச் சின்ன எக்ஸ்ரே தனியாக. அப்புறம் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4, 5 என்றால் பை விழுந்திருக்கிறது. 6க்கு மேல் போனால் எலும்பு நன்றாகவே கரைந்திருக்கலாம். இந்த அளவை எடுக்காமல் யாராவது கேப்புக்கு விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி எல்லோரும் சொல்லிவிடுவார்கள். விட்டுப்போகிறவை வேறு. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை: இதைச் சொல்ல வேண்டும், ஆனால் பல் பிடுங்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போடும் எலும்பு பலப்படுத்தும் மருந்து: சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். இதய வால்வு மாற்றியவர்களுக்குச் சில சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாடிக் தேவை. கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். நடு மூன்று மாதங்கள் பல் வேலைக்கு வசதியான காலம்.

புகையிலை, பாக்கு போடுகிறவர்கள் பல்லுக்கு முன்னால் வாயின் தோலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரமே தாங்காத எரிச்சல் இருந்தால் மற்ற எல்லா வேலையும் நிற்கட்டும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாகப் பற்களுக்கு நடுவில் விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் பாக்கு, வாயின் உட்தோலை இறுக்க ஆரம்பித்திருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. "பாக்கு மட்டும்தானுங்க, புகையிலை இல்லீங்க" என்பார்கள். இந்த இறுக்கத்துக்குக் காரணமே பாக்குதான்.

முதலில் வலியும் சீழும்

வலியின் குணத்தைக் கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. குளிர்ச்சி பட்டதும் சுரீர் என்று வந்து, சில நொடியில் போய்விட்டால் உள்ளே நரம்பு உயிரோடு இருக்கிறது, காப்பாற்றலாம். வந்த வலி நிமிடக்கணக்கில் நிற்கிறது, படுத்தால் துடிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, ஆர்சிடி (ரூட் கெனால், பல்லுக்குள் கெட்ட நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது) இல்லாமல் முடியாது. அப்புறம் ஒரு நாள் வலி தானாக நின்றுவிடும். அன்றைக்குத்தான் நம் ஆட்கள் சந்தோஷமாக டாக்டரை மறந்துவிடுவார்கள். நரம்பு செத்துவிட்டது, அதனால் வலி இல்லை. கிருமி வேரின் நுனி வழியாக எலும்புக்குள் போய்க்கொண்டிருக்கிறது. 47ன் கொப்புளம் அதைத்தான் சொல்கிறது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இதைக் குணமாக்காது. செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கம் கொஞ்சம் வடியும், பத்து நாளில் திரும்ப வரும். பல்லைத் திறந்து உள்ளிருப்பதை வெளியேற்றுவதுதான் வைத்தியம். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஈறை வேகவைத்துவிடும்.

ஒன்றை மட்டும் நேரம் காலம் பார்க்காமல் செய்யுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்குகிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல் அடிக்கிறது என்றால் பல் கிளினிக்கைத் தேட வேண்டாம். நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய வீக்கம் அது.

நம் உதாரணத்தில் இந்தக் கட்டத்தில் இரண்டு வேலை. 47ஐத் திறந்து சுத்தம் செய்து உள்ளே மருந்து வைத்து மூடுவது. 16ன் வேரை எடுப்பது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பல்லுக்கும் கண் பார்வைக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு. நாற்பதைத் தாண்டியவருக்குக் கண் மங்கும் வயதும் பல் பிடுங்கும் வயதும் ஒன்றாக வருவதுதான் அந்த நம்பிக்கைக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ துப்பவோ உறிஞ்சவோ வேண்டாம், பீடி சிகரெட்டும் வேண்டாம். உறைந்த ரத்தம் அங்கேயே நிற்க வேண்டும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். குறையவேண்டிய வலி இரண்டு மூன்று நாள் கழித்து அதிகமானால் திரும்பப் போங்கள். மேல் கடைவாய்ப் பல் எடுத்தபின் குடிக்கும் தண்ணீர் மூக்கில் வந்தால் உடனே சொல்ல வேண்டும். வேருக்கு மேலேயே சைனஸ் இருக்கிறது.

காரை எடுப்பது

"கிளீன் பண்ணினா பல்லு ஆடுமுங்க" என்பதைக் கேட்காத நாள் கிடையாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பல வருஷமாகப் படிந்த காரை கீழ் முன்பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கும். அடியில் எலும்பு கரைந்துகொண்டே வந்திருக்கும். காரையை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றிப் பற்களுக்கு நடுவில் சந்து தெரிகிறது. வேர் கொஞ்சம் வெளியே வந்ததால் சில வாரம் கூசுகிறது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் மிஷினை வைத்துவிட்டால், பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைத்தால் அது அவர்கள் தப்பில்லை.

மேலே தெரிகிற காரையை எடுப்பது ஒரு வேலை. ஈறுக்கு அடியில், வேரில் ஒட்டியிருக்கும் கறுத்த காரையை எடுப்பது வேறு வேலை. பை ஆழமாக இருக்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு தடவைக்கு ஒரு பக்கம் என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில் முழு வாயும் முடிந்தது என்றால் அடியில் இருப்பதைத் தொடவில்லை என்று அர்த்தம். சுத்தம் செய்தபின் ஈறு இறுகி, லேசாக ஆடிய பல் பல சமயம் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் அழுங்கி ஆடும் பல் திரும்புவது அபூர்வம்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும்தான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி கெடும்.

குழிகளை மூடுவது

அழகு பார்க்காமல், திறந்து கிடக்கும் எல்லாக் குழிகளையும் ஒன்றிரண்டு சந்திப்பிலேயே மூடிவிடுவது என் வழக்கம். மெத்தென்று அழுகியதைக் கரண்டி மாதிரியான சின்னக் கருவியால் சுரண்டிவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்துவிடலாம். பல்லோடு தானே ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடு விடும், பெரிய மிஷின் தேவையில்லை. மின்சாரம் இல்லாத ஊர்களிலும் கைக்கருவியை மட்டும் வைத்து இப்படிச் செய்யும் முறை 1980களில் தான்சானியாவில் ஆரம்பித்தது. உலக சுகாதார அமைப்பு 2021ல் இந்தச் சிமெண்டையும் ஃபுளோரைடு பேஸ்ட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பேஸ்ட் மருந்துப் பட்டியலில் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

36ன் ஆழக் குழிக்கு வருவோம். சொத்தையை முழுக்க, கடைசிக் கறுப்பு வரைக்கும் குடைந்து எடுக்க வேண்டும் என்றுதான் ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் குடைந்தால் நரம்பு திறந்துகொள்ளும், ஆர்சிடியில் போய் நிற்கும். இப்போதைய முறை வேறு. குழியின் ஓரங்களைக் கெட்டியான பல் வரும்வரை சுத்தமாக எடுக்க வேண்டும். நரம்புக்கு நேர் மேலே தோல் மாதிரி இருக்கும் அடுக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு, இறுக்கமாக மூடிவிட வேண்டும். மூடிய பிறகு கிருமிக்குச் சாப்பாடு கிடையாது. பல் உள்பக்கமிருந்து புது அடுக்கு போட்டுக்கொள்ளும். இது எல்லாச் சமயமும் பலிக்காது. நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சில மாதம் கழித்துக் குளிர்ச்சி வைத்துச் சோதித்து, எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். பலிக்காவிட்டால் அப்போது ஆர்சிடி செய்துகொள்ளலாம், நஷ்டமில்லை. பலித்தால் உயிருள்ள பல் மிச்சம், செலவும் பல மடங்கு மிச்சம். எக்ஸ்ரேயில் அடியில் கொஞ்சம் கறுப்புத் தெரிந்தால், வேறு டாக்டர் "சொத்தையை விட்டுட்டாங்க" என்று சொல்லக்கூடும். வேண்டுமென்றே விட்டது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாக் கறுப்பும் சொத்தை அல்ல. கடைவாய்ப் பல்லின் மேல் கோட்டில், கெட்டியாக, பளபளப்பாக, பல வருஷமாக மாறாமல் இருக்கும் பழுப்பு நின்றுபோன சொத்தை. அதைக் குடையாமல் விடுவதும் சிகிச்சைதான். எக்ஸ்ரேயில் எனாமலோடு நிற்கும் சொத்தைக்கு ஃபுளோரைடு வார்னிஷ் போதும். வயதானவர்களுக்கு வேர்ப் பகுதியில் வரிசையாகச் சொத்தை விழுந்து, நாற்காலியில் நெடுநேரம் உட்கார முடியாவிட்டால் 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவலாம். சொத்தை நிற்கும், அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல்லுக்கு அதைத் தடவுமுன் கண்ணாடியைக் காட்டிக் கேட்டுக்கொள்வேன்.

தேய்ந்த கழுத்துக்கும் உடனே ஃபில்லிங் வேண்டாம். குறுக்கே தேய்ப்பதை நிறுத்தி, கூச்சத்துக்கான பேஸ்ட்டைச் சில வாரம் போட்டுப் பாருங்கள். பள்ளம் ஆழமாகி உணவு தங்கினால், அல்லது கூச்சம் அடங்காவிட்டால் அடைக்கலாம்.

வீட்டில்

இங்கேதான் வாய் பிழைப்பதும் சாவதும். மென்மையான பிரஷ். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக, இரண்டு நிமிடம், காலையிலும் படுக்கும் முன்பும். நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விடுங்கள். ஃபுளோரைடு பல்லில் நிற்கட்டும். இதைச் சொன்னால் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு நாளில் ஒரு தடவைதான் முடியும் என்றால் அது ராத்திரியாக இருக்கட்டும். தூக்கத்தில் எச்சில் குறைவு, காக்க ஆள் இல்லை.

டியூபின் பின்பக்கம் ஃபுளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் அது கிடையாது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எனக்கே பாட்டுச் சொல்லிக் காட்டுவார்கள். குச்சியில் நார் இருக்கிறது, பல்லைத் தேய்க்கும், அழுக்குப் போகும், ஆனால் ஃபுளோரைடு இல்லை. செங்கல் பொடி, சாம்பல், கரிப்பொடி பற்றிச் சொல்லவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சொந்தக்காரர்களின் பழுப்புப் பல்லைப் பார்த்து ஃபுளோரைடு என்றாலே பயப்படுபவர்கள் உண்டு. அந்தக் கறை சின்ன வயதில், பல் உருவாகும் காலத்தில், ஃபுளோரைடு அதிகமுள்ள அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்ததால் வந்தது. முளைத்து முடிந்த பல்லில் பேஸ்ட் தேய்த்துத் துப்புவதால் வராது.

ஈறு வற்றிச் சந்து விழுந்தவர்களுக்குப் பிரஷ் மட்டும் போதாது. பாட்டில் கழுவும் பிரஷின் குட்டி வடிவில் சந்துக்கான பிரஷ் கிடைக்கிறது. எந்தச் சந்துக்கு எந்த அளவு என்று டாக்டரையே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். குண்டூசியும் ஊக்கும் வேண்டாம்.

அப்புறம் டீ. இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு இனிப்புக்கும் பிறகு வாயில் அமிலம் ஏறி, எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம்போல் ஆகும். தறி ஓடும் சத்தத்தில், ராத்திரி ஷிஃப்ட்டில், மணிக்கொரு சர்க்கரை டீ, நடுவில் வாயில் அடக்க ஒரு இஞ்சி மரப்பா என்றால் பல் நாள் முழுக்க அமிலத்திலேயே ஊறுகிறது. டீயை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, எனக்கும் விட முடியாது. இரண்டு டீ சர்க்கரையோடு, சாப்பாட்டை ஒட்டி. மற்றது சர்க்கரை இல்லாமல் என்று பேரம் பேசி ஒப்புக்கொள்ள வைப்பேன். ராத்திரி பல் தேய்த்தபின் தண்ணீர் மட்டும்.

இரண்டு மாதம் காத்திருப்பது

காரை எடுத்து, குழிகளை மூடி, ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி எல்லாப் பல்லையும் அளக்க வேண்டும். இந்த இடைவெளியில் பெரிய செலவு எதுவும் வேண்டாம். கல்யாணம் வருகிறது என்று அவசரப்படுத்தினாலும் முன்பல் சொத்தையை மட்டும் அடைத்துக் கொடுத்து அனுப்புவேன்.

அளக்கும்போது 6 இருந்த இடம் 4க்கு வந்திருக்கலாம். ரத்தம் வடியும் இடங்கள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் ஒன்று தேய்ப்பது சரியில்லை, அல்லது சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட் எடுத்து வரச் சொல்வேன். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. நம் உதாரண ஆள் மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் ஈறிலேயே அது தெரியும். 'சந்தேகம்' பட்டியலில் இருந்த பற்களும் இப்போதுதான் ஒரு பக்கம் சாயும்.

பெரிய வேலைகள்

47க்கு ஆர்சிடியை முடிக்க வேண்டும். முடித்தபின் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு வேரின் நுனிக்கு மிக அருகில் வரைக்கும் போயிருக்க வேண்டும், நடுவில் நின்றிருக்கக் கூடாது. வேலை செய்யும்போது பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினால் நல்லது, எச்சில் உள்ளே போகாது.

ஆர்சிடி செய்த கடைவாய்ப் பல்லை மூடாமல் விட்டால் இரண்டாக உடையும். "வலி போயிடுச்சு, கேப்பை தீபாவளி போனஸ்ல பாத்துக்கலாம்" என்று போனவர்களின் பல்லைப் பிளந்த நிலையில் நிறையப் பார்க்கிறேன். சரி, கேப் என்றால் எது? 47 கடைசிப் பல், சிரித்தாலும் தெரியாது. முழு உலோகக் கேப்புக்குப் பல்லைக் குறைவாக அரைத்தால் போதும். உலோகத்துக்கு மேல் பீங்கான் பூசியதற்கு அதிகம் அரைக்க வேண்டும். ஜிர்கோனியா நன்றாக இருக்கும், விலை கூட. தெரியாத இடத்தில் உலோகம் என்பது என் கட்சி, யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்றாலும்.

கேப்புக்கு முன் ஒரு கேள்வி: ஈறுக்கு மேல் நல்ல பல் எவ்வளவு நிற்கிறது? சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும். அது இல்லாத பல்லுக்கு ஆர்சிடி, உள்ளே கம்பி, கேப் என்று கொட்டுவது வீண். காப்பாற்றுவது என் கொள்கை என்றாலும் அந்தப் பல்லை எடுத்துவிடச் சொல்வேன்.

11, 21க்கு கம்போசிட் ஃபில்லிங், அதாவது பல் நிறத்திலேயே அடைப்பது. ஒரே நாளில் முடியும், சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், பிற்பாடு ஓரம் கறுத்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம். முன்பல் ஆறுக்கும் கேப் போட்டுச் சினிமாப் பல்லாக்கிவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். ஆறு பல்லின் எனாமலையும் சுற்றி அரைத்தால்தான் அது நடக்கும். அரைத்தது திரும்ப வராது; கேப்புக்கும் ஆயுள் உண்டு, மாற்றும் ஒவ்வொரு தடவையும் பல் இன்னும் கொஞ்சம் போகும்.

இடைவெளி? இங்கேதான் இம்பிளான்ட் பேச்சு வரும். எண்ணிப் பாருங்கள். 16, 46 போக மேலே 13, கீழே 13. வலது பக்கம் 17ம் 47ம் கடிக்கின்றன, 14, 15க்குக் கீழே 44, 45 இருக்கின்றன, இடது பக்கம் முழுசாக இருக்கிறது. மென்று சாப்பிட, பேச, ஜோடி சேரும் 20 பல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். 16க்கு நேர் கீழே 46ம் இல்லை, ஆகவே எதிர்ப்பல் ஏதும் இறங்கி வரப்போவதில்லை. அப்படியே விட்டுவிடலாம். 46 இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும் 47ன் முன்பக்கத்தில் மட்டும் அழுக்குச் சேரும், அங்கே சந்துப் பிரஷ் தினமும் போக வேண்டும். இரண்டு பக்கமும் நல்ல பல்லை அரைத்துப் பிரிட்ஜ் மாட்டுவதைவிட ஒரு வெற்றிடம் மேல். இடைவெளி மனதை உறுத்துகிறது, பணமும் இருக்கிறது, சர்க்கரையும் அடங்கியிருக்கிறது, புகையும் இல்லை என்றால் அப்போது இம்பிளான்ட் பற்றிப் பேசலாம். சிரித்தால் தெரிகிற இடமாக இருந்திருந்தால் என் பதில் வேறு.

பணம்

ஒரே நேரத்தில் எல்லாம் முடியாதவர்கள் வலி, சீழ், காரை, குழி மூடுதல் வரைக்கும் முதலில் முடித்துவிடுங்கள். அதுவரை செலவு பெரிதாக இருக்காது, நோயும் நின்றுவிடும். கேப்பை மட்டும் மாதத்துக்கொன்றாகத் தள்ளிக்கொள்ளலாம், ஆர்சிடி ஆன பல்லைத் தவிர. அதுவும் முடியாதென்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளிலும் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்வார்கள். நாலு தடவை அலைய வேண்டியிருக்கும். ஆனால் அவசரமில்லாமல், ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் பார்த்த பிறகே அடுத்தது என்று நடக்கும். நான் படித்ததும் அப்படி நோயாளிகளின் பொறுமையில்தான்.

முடிந்த பிறகு

ஈறு நோய் இருந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும், அளவெல்லாம் ஒரு வருஷம் நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு நீட்டலாம். அடைத்த சிமெண்ட் விழுந்தால் வலியில்லை என்று விடாதீர்கள். அந்த வாரமே திரும்ப வைத்துவிட்டால் சின்ன வேலை. கேப் கழன்று கையில் வந்தால் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் அதையே ஒட்டிவிடலாம். நீங்களாக ஃபெவிக்விக் போட்டு ஒட்டி வராதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வரும்போது பழைய எக்ஸ்ரே, சீட்டு, அந்த மூன்று பகுதிப் பட்டியல் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும்.